வீட்டில் கழற்றி மாட்டிய ஸ்டியரிங்: அடிக்கடி வரும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் பட்டறைக்கு வரும் கார்களில் ஒரு வகை உண்டு. வண்டிக்காரரே வீட்டு வாசலில் வைத்து ஸ்டியரிங்கைக் கழற்றியிருப்பார். ஹாரன் அடிக்கவில்லை, இண்டிகேட்டர் ஸ்விட்ச் போய்விட்டது, சாவி திரும்பவில்லை, கிராஸில் (ஸ்டியரிங்குக்குக் கீழே கோணத்தில் மடங்கித் திரும்பும் யுனிவர்சல் ஜாயிண்ட்) ஆட்டம் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். பழைய கோளாறு சரியாகியிருக்கும், கூடவே முன்பு இல்லாத ஒன்று புதிதாக வந்திருக்கும். "அண்ணாச்சி, எல்லாத்தையும் இருந்தபடிதான் மாட்டினேன்" என்பார்கள். உண்மையாகத்தான் சொல்வார்கள். ஸ்டியரிங்கில் ஒரு பல் தள்ளிப் போனாலும் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

சொந்தக் கையால் வேலை பார்ப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் இது சீட் கவர் மாற்றுவது போன்ற வேலை இல்லை. அதனால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கோளாறு எப்போது தொடங்கியது, அதற்கு முன் கடைசியாக எதில் கை வைத்தீர்கள் என்ற இரண்டையும் முதலில் யோசியுங்கள். பெரும்பாலும் பதில் அங்கேயே கிடக்கும்.

பட்டறையில் 'ஸ்டியரிங் காலம்' என்பதைக் குழப்பம் வராமல் ஸ்டியரிங் தண்டு என்றே எழுதுகிறேன். மேலே வீல். அதற்கு அடியில் கிளாக் ஸ்பிரிங் (ஏர்பேக், ஹாரன் வயர் போகும் சுருள்), காம்பினேஷன் ஸ்விட்ச் (இண்டிகேட்டர் ஸ்விட்ச் இருக்கும் தொகுதி), சாவிப் பூட்டு. அப்புறம் தண்டு. கீழே இரண்டு பக்கமும் கிராஸ் வைத்த ஒரு சின்ன ஷாஃப்ட். அது போய்ச் சேரும் இடம் ரேக், அதாவது முன் டயர்களை இடமும் வலமும் திருப்பும் பல்சட்டம்.

எந்த நிலைமையில் வண்டியை எடுக்கவே கூடாது?

வீலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் தண்டோடு சேர்ந்து ஆடுகிறதா? தன் பக்கம் இழுத்தால் வருகிறதா? வீல் திரும்பிக் கொஞ்ச நேரம் கழித்து டயர் திரும்புகிறதா? சுற்றும்போது ஓரிடத்தில் பிடித்துப் பிறகு சடக்கென்று விடுகிறதா? இன்ஜினைப் போட்டதும் யாரும் தொடாமலே வீல் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தெருமுனைக் கடை வரை கூடப் போகாதீர்கள்.

ஏர்பேக் விளக்கு மட்டும் எரிந்தால் வண்டி ஓடும், திரும்பும். ஆனால் மோதல் என்று வந்தால் பை விரியாமல் போகலாம். அதையும் நாள் கடத்த வேண்டாம்.

கிராஸ் மாற்றினேன். இப்போது வீலில் லேசான ஆட்டமும் 'டக்' என்ற சத்தமும் இருக்கிறது. எங்கே பார்ப்பது?

முதலில் கிராஸ் போல்ட்டைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

சின்ன ஷாஃப்ட்டின் முனை, ரேக்கிலிருந்து வரும் பல்வைத்த முனையில் செருகி நிற்கும். அதைக் குறுக்காக ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கும். பல்முனையில் ஓரிடத்தில் குறுக்காக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அப்படிப் போனால், நாளைக்கு நட் கொஞ்சம் இளகினாலும் ஷாஃப்ட் கழன்று மேலே வராது, போல்ட் குறுக்கே நின்று தடுக்கும்.

வீட்டில் மாட்டும்போது நடக்கிற தவறு இதுதான். ஷாஃப்ட் முழுதாக இறங்கியிருக்காது, கால் அங்குலம் மேலேயே நின்றிருக்கும். பள்ளத்தைத் தொடாமலே போல்ட் உள்ளே போய்விடும், நன்றாக இறுகவும் செய்யும். வீலைச் சுற்றினால் டயரும் திரும்பும். எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் அப்போது ஷாஃப்ட்டைப் பிடித்து வைத்திருப்பது வெறும் இறுக்கம் மட்டுமே. ஒரு பள்ளத்தில் டயர் விழுந்தால், ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டால் அது மேலே நழுவும். நழுவி முடிந்தால் கையில் வீல் சும்மா சுற்றும், வண்டி தன் போக்கில் போகும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். வண்டியை நிறுத்தி, டயர்களுக்குக் கல் அணை கொடுத்துவிட்டு, போல்ட்டை இறுக்காமல் உள்ளே மட்டும் செருகுங்கள். இப்போது ஷாஃப்ட்டை மேல் நோக்கி இழுங்கள். வரக் கூடாது. வந்தால் போல்ட் பள்ளத்தில் இல்லை. போல்ட் கையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள், ஷாஃப்ட்டை மேலே கீழே லேசாக நகர்த்திப் பள்ளத்தைத் தேடுங்கள்.

போல்ட் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். இந்த இடத்தில் கம்பெனி போடுவது உறுதியான எஃகு போல்ட். இரும்புக் கடையில் அதே அளவில் கிடைக்கும் சாதாரண போல்ட் அதற்கு ஈடாகாது. பழைய போல்ட்டின் மரை தேய்ந்திருந்தால் அந்த மாடலுக்கான புது போல்ட்டையே வாங்குங்கள். இறுக்கும் அளவு மாடலுக்கு மாடல் மாறும், வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அங்கே 25 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால், ஓரடி நீள ஸ்பேனரின் நுனியில் 8 கிலோவுக்குச் சற்று மேல் எடையைத் தொங்கவிட்ட அழுத்தம் என்று புரிந்துகொள்ளுங்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாதவர்கள் இந்த வேலைக்காவது ஒன்றைக் கடன் வாங்குங்கள்.

இறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து கிராஸ் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து விடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை.

கிராஸ் போல்ட் சரியாக இருந்தும் ஆட்டம் போகவில்லை என்றால், டேஷ்போர்டுக்கு அடியில் தண்டைத் தாங்கும் பிராக்கெட் போல்ட்டுகளைப் பாருங்கள். ஒருவர் வீலை இடமும் வலமும் சின்னதாக ஆட்ட, நீங்கள் ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துக்கொண்டே மேலிருந்து கீழே வாருங்கள். எந்த இணைப்பில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ, அங்கேதான் கோளாறு.

வண்டி நேராகப் போகிறது, ஆனால் ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கிறது.

வீலை மட்டும்தான் கழற்றினீர்களா, டை ராடிலும் (ரேக்கை டயரோடு இணைக்கும் கம்பி) கை வைத்தீர்களா? பதில் அதைப் பொறுத்தது.

வீலை மட்டும் கழற்றியிருந்தால், ஒரு பல்லோ இரண்டு பல்லோ தள்ளி மாட்டியிருக்கிறீர்கள். தண்டின் முனையில் 36 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி வரும். கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில் 30 டிகிரி இருக்கிறதல்லவா, அதில் மூன்றில் ஒரு பங்கு. திரும்பக் கழற்றிச் சரியான பல்லில் மாட்டினால் முடிந்தது.

இதை விட்டுவிட்டு நேராக, டயர்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட் கடைக்குப் போய், "வீல் நேராக நிற்கிற மாதிரி டை ராடைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். வீல் நேராகிவிடும், ஆனால் ரேக் நடுவில் இருக்காது. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். கிளாக் ஸ்பிரிங்கும் ஒரு பக்கம் அளவுக்கு மேல் இழுபடும். ஒரு பல்லில் செய்த தவறை மூன்று இடத்துக்குப் பரப்பியதாக ஆகிவிடும்.

டை ராட் எண்டை மாற்றியிருந்தால் கதை வேறு. அப்போது அலைன்மெண்ட் கட்டாயம். டேப் வைத்து அளந்து மாட்டியது கடை வரை ஓட்டிப் போக மட்டும்தான்.

வீல் நேராகத்தான் இருக்கிறது, நான்கு வழிச்சாலையில் போனால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது.

எந்த மாதம், எந்த இடம் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆனி, ஆடியில் நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து சாலைக்குக் குறுக்கே அடிக்கும். அந்தக் காற்றை நம்பித்தானே அங்கே இத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். தெற்கே போகும்போது காற்று வலப்பக்கம் மோதி வண்டியை இடப்பக்கம் தள்ளும். திரும்பி வடக்கே வரும்போது வலப்பக்கம் தள்ளும். போகையில் ஒரு பக்கம், வருகையில் மறு பக்கம் என்றால் அது காற்று. உங்கள் வேலையில் குறை இல்லை.

போகும்போதும் வரும்போதும் லேசாக இடப்பக்கமே சாய்ந்தால் சாலையின் சாய்மானமாக இருக்கலாம். மழைநீர் வடிய, ஓரத்தைச் சற்றுத் தாழ்வாகத்தான் போடுவார்கள். காற்றில்லாத விடியற்காலையில், சமமான தரையில், இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்து அப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் மட்டும் டயர் காற்று, அலைன்மெண்ட், பிரேக் பிடிப்பு என்று தேடத் தொடங்குங்கள். வள்ளியூரிலிருந்து ஒருவர் ஆடி மாதத்தில் இரண்டு முறை அலைன்மெண்ட் செய்துவிட்டு என்னிடம் வந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். வேறொன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

வீலைத் திரும்ப மாட்டியதும் ஏர்பேக் விளக்கு அணையவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை.

இரண்டும் ஒன்றாக வந்தால் முதல் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் மேல்தான். வீல் சுற்றும், வண்டியின் வயர் சுற்றாது. இரண்டையும் இணைக்க, வட்டப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் பட்டையான வயரைச் சுருள் சுருளாக வைத்திருப்பார்கள். பெயரைக் கேட்டு ஸ்பிரிங் என்று நினைக்காதீர்கள், அது ஒரு நாடா வயர். இடப்பக்கம் இத்தனை சுற்று, வலப்பக்கம் இத்தனை சுற்று என்று அதற்கு ஓர் அளவு உண்டு. அளவு தாண்டினால் அறுந்துவிடும். ஏர்பேக், ஹாரன், வீலில் இருக்கும் ஆடியோ பட்டன் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன.

அது அறுவது பெரும்பாலும் மாட்டும்போது இல்லை. கிராஸைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவீர்கள். வீட்டுப் பிள்ளை வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துச் சுற்றி விளையாடும். கீழே ரேக் இணைந்திருக்காததால் வீல் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றும், நாடா உள்ளேயே அறுந்து கிடக்கும். அதனால் கிராஸைக் கழற்றும் முன் சீட் பெல்ட்டை ஸ்டியரிங் வீலுக்குள் விட்டுப் பூட்டிவிடுங்கள். வீல் அசையாது. வேலை முடிகிற வரை அவிழ்க்காதீர்கள்.

மாட்டும் முறை: முன் டயர்கள் நேராக இருக்கட்டும். கிளாக் ஸ்பிரிங்கை ஒரு பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள், விரலில் தடை தெரிந்ததும் நிறுத்துங்கள், அழுத்த வேண்டாம். அங்கிருந்து எதிர்ப்பக்கமாக மேனுவலில் சொன்ன அளவு திருப்புங்கள். பல வண்டிகளில் இரண்டரை முதல் மூன்று சுற்று வரும். கூட்டின் மேல் இருக்கும் இரண்டு அம்புக்குறியும் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும். பிறகுதான் வீல்.

ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் சில வினாடி எரிந்து அணைவது சரியான நடப்பு. அணையாமல் நின்றாலும் கோளாறு, எரியவே இல்லை என்றாலும் கோளாறு.

ஹாரன் மட்டும் வேலை செய்யவில்லை, விளக்கு ஒழுங்காக அணைகிறது என்றால் ஃபியூஸ், ரிலே, வீலுக்குள் கழற்றிய ஹாரன் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். திருப்பும்போது ஹாரன் தானாக அடித்தால் ஹாரன் வயர் எங்கோ நசுங்கி பாடியைத் தொடுகிறது.

பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் ஏர்பேக்கைத் தொட வேண்டுமா? ஃபியூஸை எடுத்தால் போதாதா?

போதாது. மைனஸ் வயரைக் கழற்றி, அது திரும்பப் போய்த் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். கழற்றிய உடனேயும் கை வைக்கக் கூடாது. விபத்தில் பேட்டரி வயர் அறுந்தாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக ஏர்பேக் பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருப்பார்கள். அது வடிய நேரம் வேண்டும். மேனுவல் சொல்லும் நேரத்துக்குக் குறையாமல் பொறுத்திருங்கள். நான் எந்த வண்டியானாலும் பத்து நிமிடம் விட்டுவிடுவேன்.

ஏர்பேக்கின் மஞ்சள் நிற கனெக்டரில் மல்டிமீட்டர் முனையையோ டெஸ்ட் லேம்ப்பையோ வைக்கவே வைக்காதீர்கள். கழற்றிய ஏர்பேக்கின் முகப்பு மேலே பார்த்தபடி இருக்கட்டும். கவிழ்த்து வைத்திருக்கும்போது விரிந்தால் அது மேலே எகிறிப் பறக்கும். வெயிலிலும் வைக்க வேண்டாம். 2019 ஜூலை 1 முதல் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். அதனால் "சின்ன வண்டிதானே, இருக்காது" என்று நினைத்துத் திறக்காதீர்கள்.

ஒரே சுற்றில் ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் இளகுகிறது.

இரண்டு காரணம். ஒன்று, கிராஸ்களின் கணக்கு தவறியது. ஷாஃப்ட்டின் மேல் கிராஸும் கீழ்க் கிராஸும் ஒன்றுக்கொன்று பொருந்தும் நிலையில் நின்றால்தான், ஒன்றில் வரும் வேக மாறுதலை மற்றது சரிக்கட்டும். நீளம் சரிசெய்யும் இரண்டு துண்டு ஷாஃப்ட்டைப் பிரித்து, பல் மாறி மாட்டினால் அந்தப் பொருத்தம் போய்விடும். அப்புறம் வீலைச் சுற்றும்போது அரைச் சுற்றுக்கு ஒரு முறை இறுக்கமும் இளக்கமும் மாறி மாறி வரும். கழற்றும் முன் பெயிண்ட் அடையாளம் வைத்திருந்தால் அதைச் சேர்த்து மாட்டுங்கள். வைக்கவில்லை என்றால் இரண்டு முனையின் கவைகளும் ஒரே திசையில் நிற்கிறதா என்று மேனுவல் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று துரு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை நெடுக வண்டிகள் தண்ணீரில் நின்றன. கழுவித் துடைத்து ஓட்டிய பல வண்டிகளில் கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங் பிறகு மெல்ல மெல்லத் துருப் பிடித்தது. கூடங்குளம், உவரி மாதிரிக் கடலோர ஊர் வண்டிகளிலும் இதைப் பார்க்கலாம். துரு பிடித்த கிராஸில் எண்ணெய் விட்டால் இரண்டு நாள் இளகும், பிறகு பழையபடி இறுகும். திருப்பியபின் வீல் தானாக நடுவுக்குத் திரும்பாமல் நின்றால் அந்தக் கிராஸின் ஆயுள் முடிந்தது, மாற்றிவிடுங்கள்.

வேலைக்குப் பிறகு ஸ்டியரிங் கல்லாகக் கனக்கிறது. ஈபிஎஸ் (மின்சாரப் பவர் ஸ்டியரிங்) விளக்கும் எரிகிறது.

ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட், ஐ10 போன்ற வண்டிகளில் பவர் ஸ்டியரிங் மோட்டார் தண்டின் மேலேயே, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். எண்ணெய் கிடையாது, எல்லாம் மின்சாரம். அதனால் முதலில் எளிதானதைப் பாருங்கள். பேட்டரி முனைகள் இறுக்கமாக இருக்கின்றனவா? இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வருகிறதா? ஈபிஎஸ் ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா? மோட்டாருக்கும் டார்க் சென்சாருக்கும் (வீலைத் திருப்பும் விசையை உணரும் கருவி) போகும் கனெக்டர்கள் 'கிளிக்' என்று உட்கார்ந்தனவா? எர்த் வயரைக் கழற்றிய இடத்திலேயே மாட்டினீர்களா?

பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் மட்டும் விளக்கு எரியும் வண்டிகளும் உண்டு. இன்ஜினைப் போட்டு, வீலை இரு பக்கமும் முழுதாக ஒரு முறை திருப்பி நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் அணைந்துவிடும். அணையவில்லை என்றால் ஸ்கேனர் போட்டுக் கோளாறு எண்ணைப் படிக்க வேண்டும். தண்டையே மாற்றியிருந்தால் டார்க் சென்சாருக்கு நடுநிலையை ஸ்கேனர் வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாருக்கும் அப்படியே. இது வீட்டில் முடியாது, நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

வீல் தண்டை விட்டு வரவே மாட்டேன் என்கிறது. பின்னாலிருந்து தட்டலாமா?

தட்டக் கூடாது. தண்டின் முனையிலும் அடிக்கக் கூடாது. மோதல் நேரத்தில் தண்டு நெஞ்சில் குத்தாமல் உள்ளுக்குள் சுருங்கும்படி செய்திருக்கிறார்கள். அந்தச் சுருங்கும் பிடிப்புகள் சுத்தியல் அடிக்கு உடையும், உடைந்தது வெளியே தெரியாது. ஈபிஎஸ் வண்டியாக இருந்தால் டார்க் சென்சாரும் போகும். வீல் புல்லர் (வீலை நேராக இழுத்தெடுக்கும் கருவி) வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள்.

நடு நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலைந்து மரையில் விட்டுவிட்டு அசைத்து இழுங்கள். முழுக்கக் கழற்றிவிட்டு இழுத்தால் வீல் திடீரென்று பிடுங்கிக்கொண்டு வந்து முகத்தில் அடிக்கும். பல் உடைந்தவரை எனக்குத் தெரியும்.

சாவி திரும்பவில்லை, ஸ்டியரிங்கும் பூட்டிக்கொண்டது.

பதறாதீர்கள். வீலின் இறுக்கம் பூட்டு முளையை அழுத்திக்கொண்டிருக்கும். வீலை இடமும் வலமும் மென்மையாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள்.

பூட்டைக் கழற்றி மாட்டிய பிறகு இது அடிக்கடி நடந்தால் பூட்டு தண்டில் நேராக உட்காரவில்லை. உடனே சரிசெய்யுங்கள். ஓடும்போது முளை இறங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சாவித் துளையில் எண்ணெய் விடாதீர்கள், நம் ஊர்ப் புழுதியை அது பசையாக்கிவிடும். பென்சில் கரித்தூள் போதும். பூட்டை மாற்றிய பின் இன்ஜின் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், சாவித் துளையைச் சுற்றியிருந்த வளையத்தின் வயரை மாட்டினீர்களா என்று பாருங்கள். சாவியில் இருக்கும் சிப்பைப் படிப்பது அதுதான்.

திரும்பிய பிறகு இண்டிகேட்டர் தானாக அணையவில்லை.

கிளாக் ஸ்பிரிங்கின் பின்புறம் இருக்கும் சிறு நாக்கு, காம்பினேஷன் ஸ்விட்சில் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை, அல்லது மாட்டும்போது ஒடிந்துவிட்டது. ஒரு பக்கம் சரியாக அணைந்து மறுபக்கம் மட்டும் தாமதமானால் வீல் பல் தள்ளியிருக்கிறது.

திருப்பும்போது கீச்சென்றும் சரசரவென்றும் சத்தம்.

ஆபத்தில்லாத சத்தம் இருக்கிறது, ஆபத்தான சத்தமும் இருக்கிறது. வீலுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் உரசினால் சரசரவென்று காய்ந்த சத்தம் வரும். கவரை ஒரு முறை இளக்கி மாட்டினால் போகும். சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் கவரை உடனே நெம்பினால் கிளிப் ஒடியும், ஒடிந்த கிளிப்தான் பிறகு இப்படி உரசும். நிழலில் நிறுத்தி, ஆறவிட்டுத் திறங்கள்.

காலடியில் தண்டு வெளியே போகும் இடத்தில் ஒரு ரப்பர் பூட் (உறை) உண்டு. அதைச் சரியாக உட்கார வைக்காவிட்டால் கீச்சென்று கத்தும், இன்ஜின் சத்தமும் உள்ளே வரும். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் ஓடும் வண்டி என்றால் தேரிச் செம்மணலும் உள்ளே வரும். துடைத்துவிட்டு சிலிகான் கிரீஸ் தடவுங்கள். இன்ஜின் ஆயில் வேண்டாம், ரப்பர் ஊதிப் போகும்.

'டக்', 'கடக்' என்று கையில் உணரும் சத்தம் என்றால் மேலே கிராஸ் போல்ட் பதிலுக்குத் திரும்பிப் போங்கள்.

என்னுடையது பழைய மாருதி 800. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

ஏர்பேக், ஈபிஎஸ் பற்றியதெல்லாம் பொருந்தாது. ஆம்னிக்கும் அப்படியே. கிராஸ் போல்ட், வீல் பல், சாவிப் பூட்டு மூன்றும் அப்படியே பொருந்தும். பொலிரோ, சுமோ, குவாலிஸ் போல எண்ணெய் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் பைப்பைக் கழற்றியிருந்தால் காற்று உள்ளே போயிருக்கும். முன்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, எண்ணெய் அளவைப் பார்த்துக்கொண்டே வீலை மெதுவாக இருபுறமும் பல முறை திருப்புங்கள். கடைசி வரை திருப்பி அங்கேயே அழுத்திப் பிடிக்காதீர்கள், பம்ப் சூடாகிவிடும்.

பழைய இரும்புக் கடையில் கிளாக் ஸ்பிரிங்கும் ஏர்பேக்கும் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ஏர்பேக்கை வாங்கவே வேண்டாம். அது வெள்ளத்தில் நின்ற வண்டியுடையதா, மோதிய வண்டியுடையதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. விரித்துப் பார்த்துச் சோதிக்கவும் முடியாது. கிளாக் ஸ்பிரிங்கும் புதிதாகவே வாங்குங்கள். புதிது நடுவில் பூட்டிய நிலையில் வரும், வீல் மாட்டுகிற வரை அந்தப் பூட்டை எடுக்காதீர்கள். பழைய தண்டு என்றால், சுருங்கும் பகுதி முன்பே சுருங்கியிருக்கிறதா என்று உங்கள் பழையதோடு நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கே, எப்படி ஓட்டிப் பார்ப்பது?

ஊர்ப் பொட்டல், திருவிழா இல்லாத நாளில் கோயில் மைதானம், எதுவானாலும் சமமான காலி இடம். ஆளும் ஆடும் இல்லாத நேரம். நடக்கிற வேகத்தில் இருபுறமும் முழு வட்டம் போட்டுப் பாருங்கள். கையை லேசாக விட்டால் வீல் தானே நடுவுக்கு வர வேண்டும். அப்புறம் 20, 30 வேகத்தில் நேராகப் போய் பிரேக் அடியுங்கள். பிறகு நிறுத்தி, கீழே குனிந்து கிராஸ் போல்ட்டை மறுபடி பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் ஊருக்குள் இரண்டு நாள் ஓட்டுங்கள். அதன் பிறகுதான் நான்கு வழிச்சாலை. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை ஏறும் வளைவுகளும் பாபநாசம் காரையார் மலைப்பாதையும் அதற்கும் பிறகு. முதல் ஓட்டத்தில் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனால் என்ன சொல்ல வேண்டும்? நானே கழற்றினேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாமல் சொல்லுங்கள். "திடீரென்று இப்படி ஆகிவிட்டது" என்று நீங்கள் சொன்னால் நாங்கள் ரேக்கிலிருந்து தேடத் தொடங்குவோம். அரை நாள் போகும், கூலியும் ஏறும். "வீலைக் கழற்றினேன், கிளாக் ஸ்பிரிங் கையில் சுற்றிவிட்டது" என்று சொன்னால் பத்து நிமிடத்தில் இடத்துக்குப் போய்விடுவோம். எந்த நாளில் என்னென்ன கழற்றினீர்கள், எதைப் புதிதாகப் போட்டீர்கள், பேட்டரியை எடுத்தீர்களா என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். கழற்றும்போது போனில் எடுத்த படங்கள் இருந்தால் அழிக்காதீர்கள். மாட்டி முடித்த பிறகு கையில் மிஞ்சிய போல்ட், வாஷர், கிளிப் எதுவாக இருந்தாலும் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். நான் முதலில் கேட்கப் போவது அந்தக் கவரைத்தான்.